கற்பனை நண்பரோடு பேசும் குழந்தை... அது தனக்குத்தானே பேசுவதா? ஆய்வுகள் சொல்வது என்ன?

"கொஞ்சம் தள்ளி உட்காருங்க, பப்பு உட்காரணும்!"

காலி நாற்காலியைக் காட்டி நாலு வயசுக் குழந்தை இப்படிச் சொன்னால் வீட்டில் இருப்பவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும். பப்பு என்று யாரும் கிடையாது. ஆனால் குழந்தை அவனிடம் கேள்வி கேட்கிறது, பதில் வந்த மாதிரி சிரிக்கிறது, சண்டைகூட போடுகிறது. 'தனியா பேசிக்கிட்டே இருக்கானே, டாக்டர்கிட்ட காட்டணுமா?' என்று ஆரம்பித்து, சில வீடுகளில் மந்திரிப்பது வரை பேச்சு போய்விடுகிறது.

பெரும்பாலும் இரண்டுமே தேவைப்படாது.

எத்தனை குழந்தைகளுக்கு இப்படி?

இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் பெயர் அமெரிக்காவின் ஒரேகான் பல்கலைக்கழக உளவியலாளர் மார்ஜோரி டெய்லர். அவரது குழு 2004-ல் வெளியிட்ட ஆய்வில், 7 வயதுக்குள் ஏதோ ஒரு கட்டத்தில் கற்பனைத் துணை வைத்திருந்த குழந்தைகள் 65 சதவீதம். கண்ணுக்குத் தெரியாத நண்பர்கள் மட்டுமல்ல, பெயரும் குணமும் கொடுக்கப்பட்ட கரடி பொம்மைகளும் இந்தக் கணக்கில் உண்டு. பாதிக்கு மேல்!

தனக்குத்தானே பேசுவது என்றால் என்ன?

அது வேறு ரகம். படம் வரையும் குழந்தை, 'நீலப் பென்சில் எங்க? சரி, சிவப்புலயே அடிச்சுடலாம்' என்று முணுமுணுக்கும். ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி 1930-களிலேயே இதை விளக்கினார். வேலை சிக்கலாகும்போது இந்த முணுமுணுப்பும் அதிகமாகிறது என்பதை அவரது சோதனைகள் காட்டின. குழந்தை யாரிடமும் பேசவில்லை, சத்தமாக யோசிக்கிறது, அவ்ளோதான். வளர வளர அதே பேச்சு மனசுக்குள் போய் நம்முடைய சிந்தனையாகிவிடுகிறது. கேஸை அணைச்சோமா என்று நாம் முணுமுணுப்பதும் இதே வகைதான்.

அப்போ பப்புவிடம் பேசுவது?

இங்கே எதிரில் ஒரு ஆள் இருக்கிறார். அவருக்குத் தனி விருப்பு வெறுப்பு உண்டு. டெய்லர் சந்தித்த சில குழந்தைகள், தங்கள் கற்பனை நண்பர் சொன்ன பேச்சு கேட்பதில்லை, கூப்பிட்டால் வருவதில்லை என்று புகார்கூட சொன்னார்கள். குரல் ஒன்றுதான். ஆனால் குழந்தை இரண்டு இடங்களில் மாறி மாறி நின்று பேசுகிறது. அடுத்தவர் இதற்கு என்ன சொல்வார் என்று யோசிக்காமல் அதைச் செய்ய முடியாது.

மூளையிலும் இந்த வித்தியாசம் தெரிகிறது. இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 2016-ல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களை மனசுக்குள் தனியாகப் பேசவும், பிறகு இன்னொருவரோடு உரையாடவும் சொல்லி ஸ்கேன் எடுத்தனர். உரையாடும்போது, பிறர் மனதில் என்ன ஓடுகிறது என்று ஊகிக்க உதவும் பகுதிகளும் சேர்ந்து வேலை செய்தன. சிறிய ஆய்வுதான். ஆனாலும் 'ரெண்டும் ஒண்ணுதானே' என்று சொல்வதற்கு இது இடம் கொடுக்கவில்லை.

கதை எழுதுபவர்களைக் கேட்டால் இன்னும் சுவாரஸ்யம். டெய்லர் குழு 2003-ல் பேட்டி கண்ட 50 எழுத்தாளர்களில் 92 சதவீதம் பேர், தங்கள் பாத்திரங்கள் தாமாகவே செயல்படுவது போன்ற அனுபவத்தைச் சொன்னார்கள். எடின்பரோ புத்தகத் திருவிழாவுக்கு வந்த 181 எழுத்தாளர்களிடம் நடத்தி 2020-ல் வெளியான ஆய்வில், 63 சதவீதம் பேர் பாத்திரங்களின் குரல் கேட்பதாகக் கூறினர். இவர்கள் யாரும் நோயாளிகள் அல்ல.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதுசும் அல்ல. திருக்குறளில் 'நெஞ்சொடு கிளத்தல்' என்று ஒரு அதிகாரமே இருக்கிறது. பிரிவில் தவிக்கும் தலைவி தன் நெஞ்சையே எதிரில் நிறுத்தி, கேள்வி கேட்டு, கடிந்துகொள்கிறாள். பேசாத பொருட்கள் பேசுவது போலவும் கேட்பது போலவும் சொல்ல நன்னூல் விதியே வகுத்துக் கொடுத்திருக்கிறது. ஆனால் ஒன்று, தலைவியின் நெஞ்சு பதில் பேசுவதில்லை. பப்பு பேசுவான்.

குழந்தை அதை நிஜம் என்று நம்புகிறதா?

பெற்றோரின் உண்மையான பயம் இதுதான். ஆய்வுகளில் பல குழந்தைகள், யாரும் கேட்காமலேயே 'அது நிஜம் இல்ல, சும்மா விளையாட்டுக்கு' என்று ஆய்வாளருக்கே பாடம் எடுத்திருக்கிறார்கள். எவ்வளவு ஆழமாக விளையாடினாலும், கயிறு தன் கையில் இருப்பது அவர்களுக்குத் தெரியும்.

ஏஐ சாட்பாட்டும் இதே கதைதானா?

இல்லை. பப்புவின் பதில் குழந்தையின் மனசிலிருந்து வருகிறது. சாட்பாட்டின் பதில் ஒரு நிறுவனத்தின் சர்வரிலிருந்து வருகிறது. பேச்சை எப்போது நிறுத்துவது என்பது பப்பு விஷயத்தில் முழுக்கக் குழந்தையின் கையில். செயலியிலோ, பேச்சை நீட்டிப்பதால் லாபம் பார்க்க இன்னொருவர் இருக்கிறார். கற்பனைப் பாத்திரங்களோடு பேச வைக்கும் கேரக்டர்.ஏஐ நிறுவனம், 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அந்தத் தடையற்ற உரையாடல் வசதியை நிறுத்துவதாக 2025 அக்டோபரில் அறிவித்தது. ஆக, 'கற்பனை நண்பர் மாதிரிதானே' என்று போனைக் கொடுத்துவிட்டுப் போக முடியாது.

வீட்டில் என்ன செய்யலாம்?

கேலி செய்ய வேண்டாம், மிரட்ட வேண்டாம். பப்புவுக்கும் ஒரு தட்டு கேட்டால் வைத்துவிட்டுப் போங்கள். அதற்காக நீங்களே பப்புவின் குரலில் பேசி, கதையைக் கையில் எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். 'நான் இல்ல, பப்புதான் உடைச்சான்' என்றால், 'சரி, ரெண்டு பேரும் சேர்ந்து பொம்மையெல்லாம் எடுத்து வைங்க' என்று சொல்லலாம்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகளும் உண்டு. அந்தக் குரலைக் கண்டு குழந்தை பயந்தால், தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்வதாகக் கூறினால், பள்ளி, விளையாட்டு, தூக்கம், சாப்பாடு எல்லாவற்றிலிருந்தும் விலகினால், அல்லது பதின்ம வயதில் புதிதாகக் குரல்கள் கேட்க ஆரம்பித்தால் மனநல மருத்துவரிடம் காட்டத் தாமதிக்கக் கூடாது. மத்திய அரசின் டெலி மானஸ் இலவச மனநல உதவி எண் 14416. 24 மணி நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.