கிலோவுக்கு எத்தனை வாட்? ஒரு சந்தேகக் கணக்கு பிறந்த கதை

2015 ஜூலை 18. டூர் டி பிரான்ஸ் பந்தயம் அன்று ரோடேஸிலிருந்து மாந்த் என்ற ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது. சாலையோரக் கூட்டத்தில் ஒருவர் கையில் கோப்பையோடு காத்திருந்தார். மஞ்சள் ஜெர்சியில் வந்த கிறிஸ் ஃப்ரூம் மேல் அதை வீசி, மருந்தடித்தவன் என்று பிரெஞ்சில் கத்தினார். கோப்பையில் இருந்தது சிறுநீர் என்று அன்று மாலை ஃப்ரூமே நிருபர்களிடம் சொன்னார். அதுவரை எந்தப் பரிசோதனையிலும் அவர் சிக்கியதில்லை. அவர் செய்தது ஒன்றுதான்: நாலு நாள் முன்பு, பிரனீஸ் மலைத்தொடரில் லா பியர் சான் மார்த்தான் ஏற்றத்தில் மற்ற எல்லோரையும் பின்னால் விட்டுவிட்டு ஏறிப் போனார்.

மறுநாள் மாலை பிரெஞ்சுத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் ஓர் எண் திரையில் வந்தது. அந்த ஏற்றத்தில் ஃப்ரூமின் திறன் கிலோவுக்கு 7.04 வாட்டாக இருக்கலாம் என்பது நிபுணர் ஒருவரின் மதிப்பீடு. செவ்வாய்க்கிழமை ஓய்வு நாள். அவருடைய ஸ்கை அணி நிருபர்களைக் கூப்பிட்டுத் தன் கணக்கை வைத்தது: 414 வாட், உடல் எடை 67.5 கிலோ, நீள்வட்டப் பல்சக்கரத்தால் திறன் மீட்டர் கூட்டிக் காட்டுவது சுமார் 6 சதவீதம், அதைக் கழித்தால் கிலோவுக்கு 5.78. ஆள் ஒருவர், மலை ஒன்று, ஏறிய நேரமும் 41 நிமிடத்துக்குச் சற்று மேல் என்பதில் தகராறு இல்லை. விடை மட்டும் இரண்டு.

மிதிக்கும் திறனை வாட்டில் அளந்து உடல் எடையால் வகுத்தால் வருவது இந்த எண். வாரம் தவறாமல் ஓட்டிப் பழகியவர் ஒரு மணி நேரம் கிலோவுக்கு 3 வாட் தாக்குப்பிடித்தாலே நல்ல ஆள்தான். மலை ராஜாக்கள் 6ஐத் தொடுவார்கள். 5.78 என்றால் கைதட்டு, 7.04 என்றால் சிறுநீர்க் கோப்பை. ரசிகர்கள் கையில் இப்படி ஒரு தராசு எப்படி வந்து சேர்ந்தது?

முன்பெல்லாம் சந்தேகத்துக்குக் கணக்கே தேவைப்படவில்லை. 1924இல் பெலிசியே சகோதரர்கள் பந்தயத்தைப் பாதியில் விட்டுவிட்டு, கூத்தான்ஸ் ஊர் ரயிலடிக் காபிக் கடையில் பத்திரிகையாளர் ஆல்பேர் லோந்தரிடம் தங்கள் பையையே திறந்து காட்டினார்கள்: கண்ணுக்கு கொக்கெய்ன், ஈறுக்கு குளோரோஃபார்ம், பெட்டி பெட்டியாக மாத்திரை. 1967இல் டாம் சிம்ப்சன் மோன் வோந்து மலையில் சுருண்டு விழுந்து இறந்தார். உடலில் ஆம்ஃபிடமின் இருந்தது. 1978இல் நடந்தது கூத்து. பெல்ஜியத்தின் மிஷெல் பொலென்டியர் அல்ப் துவேஸ் ஏற்றத்தில் முதலாவதாக வந்தார், மஞ்சள் ஜெர்சியையும் பெற்றார். பரிசோதனை அறைக்குப் போனார். அவருக்கு முன் வந்த ஒரு வீரரின் தில்லுமுல்லு அங்கே பிடிபட்டிருந்தது. உடனே இவருடைய சட்டையையும் தூக்கிப் பார்த்தார்கள். அக்குளில் ஒரு ரப்பர்ப் பை, அதிலிருந்து கீழே இறங்கும் குழாய், உள்ளே வேறு யாருடையதோ சிறுநீர். அன்றே பந்தயத்திலிருந்து விலக்கினார்கள். பொடியோ, மாத்திரையோ, ரப்பர்ப் பையோ, ஏதோ ஒரு பொருள் கையில் அகப்பட்டது. ரசிகர்கள் சண்டை போட ஒன்றுமில்லை.

இபிஓ வந்த பிறகுதான் அது மாறியது. சிறுநீரகம் தானே சுரக்கும் ஹார்மோன் அது. சிவப்பணுக்களைப் பெருக்கச் சொல்லும் சமிக்ஞை. சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்காக ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய இபிஓ 1980களின் கடைசியில் சந்தைக்கு வந்தது. வீரரின் கைக்குப் போக நாளாகவில்லை. சிவப்பணு கூடினால் ஆக்சிஜன் கூடும். ஆக்சிஜன் கூடினால் மலையில் கால் நிற்காது. ஆனால் உடல் சுரந்ததையும் ஊசியில் போனதையும் பிரித்துச் சொல்லும் சிறுநீர்ப் பரிசோதனை 2000 வரை கிடையாது. 1997இல் சர்வதேச சைக்கிள் சம்மேளனம் ஒரு கோடு போட்டது: ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினால் ஓட்டக்கூடாது. அதைத் தடை என்பதைவிட அனுமதி என்றே சொல்லவேண்டும். 49.9 வரை ஏற்றிக்கொள், கேட்கமாட்டோம் என்றுதான் பல அணி மருத்துவர்களுக்கு அது கேட்டது.

ஆக, 1990களில் சாலையோரம் நின்ற ஆளிடம் மிஞ்சியது கைக்கடிகாரம் மட்டும். 1996 ஜூலையில் ஓட்டக்காம் ஏற்றத்தில் டென்மார்க்கின் பியார்னே ரீஸ் செய்ததைப் பார்த்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். முன்னணிக் குழுவில் ஏறிக்கொண்டிருந்தவர், வேகத்தைக் குறைத்து, மெல்லப் பின்னால் வந்து, போட்டியாளர்கள் ஒவ்வொருவர் முகத்தையும் திரும்பிப் பார்த்தார். எல்லோருக்கும் நாக்கு தள்ளியிருக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகு சீறிப் பாய்ந்தார். ஐந்து முறை தொடர்ந்து வென்ற இந்துரெய்னின் காலம் அந்த ஆண்டோடு முடிந்தது. ரீஸ் இபிஓ எடுத்ததை ஒப்புக்கொண்டது 2007இல்.

கடிகார நேரத்தை வாட்டாக மாற்றும் வழி எங்கிருந்து வந்தது என்று தேடினால் ஒரு விசித்திரமான இடத்தில் போய் நிற்போம். இத்தாலிய மருத்துவர் மிக்கேலே ஃபெராரி. 1994இல் அவர் பார்த்துவந்த கெவிஸ் அணி பெல்ஜியத்தின் ஃப்ளெஷ் வலோன் பந்தயத்தில் முதல் மூன்று இடத்தையும் மொத்தமாக அள்ளியது. நிருபர்கள் இபிஓ பற்றிக் கேட்டார்கள். அளவு மீறுவதுதான் ஆபத்து, பத்து லிட்டர் ஆரஞ்சுச் சாறு குடித்தாலும் ஆபத்துதான் என்கிற தினுசில் பதில் சொல்லி மாட்டிக்கொண்டார். பின்னாளில் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் பயிற்சிக்கு மூளையாக இருந்தவரும் இவரே. 2012இல் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமை இவருக்கு வாழ்நாள் தடை விதித்தது.

மலை ஏறுகிறவர் ஒரு மணி நேரத்தில் செங்குத்தாக எத்தனை மீட்டர் உயர்கிறார் என்பதை ஃபெராரி அளந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'வாம்'. அந்த எண்ணை ஏற்றத்தின் சரிவைப் பொறுத்த ஒரு வகுஎண்ணால் வகுத்தால் கிலோவுக்கு இத்தனை வாட் என்று வரும். திறன் மீட்டர் வேண்டாம், கம்பி வேண்டாம். கடிகாரமும் மலையின் உயரமும் போதும். தன் வீரர்கள் எவ்வளவு தேறியிருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் அவர் இதை வைத்துக்கொண்டார். மாந்தோன் நகருக்கு மேலே இருக்கும் மதோன் ஏற்றம் ஆர்ம்ஸ்ட்ராங்கின் பரீட்சைக்கூடம். டூர் ஜெயிக்க 6.7 வேண்டும் என்பது ஃபெராரியின் இலக்கு. ட்ரெக் நிறுவனம் தன் பந்தய சைக்கிளுக்கு அந்த மலையின் பெயரையே வைத்தது. இன்றும் கடையில் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை மேட்டில் மூச்சு வாங்கும் ஐ.டி. ஊழியருக்கும் ஸ்ட்ராவா செயலி 'வாம்' கணக்கிட்டுக் காட்டுகிறது. யாருடைய கண்டுபிடிப்பு என்று அதில் எழுதியிருக்காது.

திறனை நேராக அளக்கும் கருவியும் அதே காலத்தில் வளர்ந்தது. ஜெர்மனியின் உல்ரிக் ஷோபெரர் 1986இல் பெடல் தண்டு பொருந்தும் இடத்தில் உலோகத்தின் நுண்ணிய வளைவை உணரும் பட்டைகளை ஒட்டி எஸ்.ஆர்.எம். மீட்டரைச் செய்தார். ஆனால் அது சொல்லும் எண் அணியின் கணினியோடு நின்றுவிடும். வெளியாளுக்குக் கிடைப்பது நேரம் ஒன்றுதான்.

அந்த நேரத்தை வைத்து ஊரறியக் கணக்குப் போட்டவர் அன்டுவான் வாயே. 1998இல் எல்லையில் கார் நிறைய மருந்தோடு பிடிபட்ட ஃபெஸ்டினா அணியில் பயிற்சியாளராக இருந்தவர். அணியில் பெரும்பாலோர் மருந்தில் ஓடினார்கள். தொடமாட்டேன் என்று நின்ற கிறிஸ்டோஃப் பாஸோனும் அங்கேதான் இருந்தார். மருந்து எவ்வளவு கூட்டித் தருகிறது என்று தெரிந்துகொள்ள இதைவிடத் தோதான இடம் ஏது? வாயேயும் பொறியாளர் ஃபிரெடெரிக் போர்தோலோவும் பழைய மலை நேரங்களை எல்லாம் எடுத்து, 70 கிலோ வீரர், 8 கிலோ சைக்கிள் என்று ஒரே அச்சில் வார்த்தார்கள். 410 வாட்டுக்கு மேல் சந்தேகம். 430க்கு மேல் அதிசயம். 450க்கு மேல் போனவர் மனித இனத்திலேயே சேர்த்தியில்லை. 2013இல் வாயே 21 பேரின் மலைகளை இப்படி அளந்து ஒரு தனி இதழே போட்டார். அதன் பிறகு மலை நாள் முடிந்த அரை மணியில் ரசிகர்களே விடையோடு வந்துவிடுகிறார்கள்.

ஒரு கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம். அல்ப் துவேஸ் ஏற்றம் 13.8 கி.மீ., 21 கொண்டை ஊசி வளைவு, சராசரி 8.1 சதவீதச் சரிவு. உயரம் சுமார் 1,118 மீட்டர். 1997இல் இத்தாலிய வீரர் மார்கோ பன்டானி 37 நிமிடம் 35 நொடியில் ஏறினார். மணிக்கு ஏறக்குறைய 1,785 மீட்டர் உயர்வு. ஃபெராரியின் முறைப்படி இந்தச் சரிவுக்கு 281ஆல் வகுக்க வேண்டும். விடை 6.35. இனி பள்ளிக்கூட இயற்பியல். 57 கிலோ ஆள், 8 கிலோ வண்டி என்று வைத்துக்கொண்டால், 65 கிலோவை அந்த உயரத்துக்கு அந்த நேரத்தில் தூக்கவே 316 வாட். மணிக்கு 22 கி.மீ. வேகத்தில் காற்றைக் கிழிக்கவும் டயர் உருளவும் இன்னொரு 60 வாட் போல. சங்கிலியில் கொஞ்சம் வீண். மொத்தம் 390க்குப் பக்கம். 57ஆல் வகுத்தால் 6.8. இரண்டு முறைக்கும் இடையே கிட்டத்தட்ட அரை வாட். வாயே கணக்கில் சந்தேகத்துக்கும் மனிதப் பிறவியல்ல என்பதற்கும் நடுவே உள்ள தூரமே கிலோவுக்கு 0.57 வாட்தான்!

காற்றை இன்னும் சேர்க்கவில்லை. கொடியைக்கூடச் சரியாக அசைக்காத, மணிக்கு 7 கி.மீ. எதிர்க்காற்று இருந்தால் அதே நேரத்தில் ஏற 30 வாட்டுக்கு மேல் கூடுதலாக வேண்டும். பின்காற்று என்றால் அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் கணிசமாகக் குறையும். முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டிப் போனால் மேலும் மிச்சம். கடிகாரத்தை எந்த வளைவில் அழுத்தினார் என்பதிலேயே தகராறு. பன்டானியின் நேரங்கள் ஆளுக்கு ஆள் மாறுவது அதனால்தான். ஒரு மாலையை வைத்துக்கொண்டு ஒரு வீரரைக் குற்றவாளி என்று சொல்ல இந்தக் கணக்குக்குத் தெம்பு கிடையாது என்பது என் கட்சி. பத்து மலை, பல ஆண்டு, பலருடைய நேரம் என்று அடுக்கினால் மட்டும் அது ஒரு காலகட்டத்தைப் பற்றி எதையோ சொல்லும்.

சொல்லியும் இருக்கிறது. 1990களின் மலை நேரங்கள் நம்பும்படியாக இல்லை என்று கணக்கர்கள் கத்தியபோது பொறாமை என்றார்கள். 2013 ஜூலையில் பிரெஞ்சு செனட் குழு வெளியிட்ட அறிக்கையில், 1998 பந்தயத்தின் பழைய மாதிரிகளைப் பின்னாளில் மறுபடி சோதித்த முடிவுகள் இருந்தன. முதலிடம் பன்டானி, இரண்டாமிடம் ஜெர்மன் வீரர் யான் உல்ரிக், இருவர் மாதிரியிலும் இபிஓ. அதற்கு ஒன்பது மாதம் முன்புதான் ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் பட்டங்களும் போயிருந்தன. நூற்றுக்கணக்கான பரிசோதனைகளில் தேறியவன் நான் என்பது அவர் ஓயாமல் சொன்ன வாதம். ஃப்ரூம் மேல் விழுந்த சிறுநீரில் ஆர்ம்ஸ்ட்ராங்குக்கும் பங்குண்டு. பரிசோதனையில் தேறினேன் என்று யார் சொன்னாலும் அதை ரசிகர் காதில் வாங்காமல் போனதற்கு அவர் காரணம்.

2024 ஜூலை 14 அன்று இந்தச் சண்டை புதுப் பிறவி எடுத்தது. டூரின் பிளாட்டோ த பெய் ஏற்றத்தில் ஸ்லோவேனிய வீரர் தடேய் போகச்சர், 1998இல் பன்டானி வைத்த நேரத்தை மூன்றரை நிமிடத்துக்கும் மேலாக முறியடித்தார். எந்த 1998 என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு நிமிடச் சொச்சம் பின்னால் வந்த விங்கேகாரும் பன்டானியை விட வேகம். இருவரும் எந்தப் பரிசோதனையிலும் சிக்கியதில்லை. ஆதரிப்பவர்கள் பட்டியல் போட்டார்கள்: இலகுவாக உருளும் டயர், காற்றைக் கிழிக்கும் உடுப்பு, மணிக்கு 100 கிராமுக்கு மேல் மாவுச்சத்து சாப்பிட்டுச் செரிக்கப் பழகிய வயிறு, அடிவாரத்திலிருந்தே வேகம் பிடித்து இழுத்த விங்கேகாரின் அணி. சந்தேகிப்பவர்கள் கேட்டது, இதெல்லாம் சேர்ந்தால் மூன்றரை நிமிடம் ஆகுமா என்று. வாட்டைக் கூட்டத் தெரிந்த கணக்குக்கு அதில் டயர் தந்தது எவ்வளவு, சோறு தந்தது எவ்வளவு என்று பிரிக்கத் தெரியாது. வீரர்களின் மீட்டரில் இருக்கும் உண்மையான எண்களை முழுசாக வெளியே வைக்க அணிகளும் முன்வரவில்லை.

அதே மாதம் வேறொரு செய்தி வந்தது. சில முன்னணி அணிகள் கார்பன் மோனாக்ஸைடை அளவோடு சுவாசிக்க வைக்கும் கருவியைப் பயன்படுத்துகின்றன என்று. உயரமான இடத்தில் பயிற்சி செய்தபின் ஹீமோகுளோபின் எவ்வளவு கூடியிருக்கிறது என்று அளக்கத்தான் என்றன அணிகள். அளக்கும் அதே வாயுவைத் திரும்பத் திரும்ப இழுத்தால் உடல் கூடுதல் சிவப்பணு செய்யத் தொடங்கலாம் என்பதுதான் மற்றவர்களின் பயம். 2025 பிப்ரவரியில் சம்மேளனம் விதி கொண்டுவந்தது: மருத்துவ நிலையத்துக்கு வெளியே அந்தக் கருவியை வைத்திருக்கக் கூடாது, உள்ளேயும் அளப்பதற்கு மட்டும், இன்னொரு முறை வேண்டுமென்றால் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும்.