பண்ணையிலிருந்து திரும்பிய 'டா'

1955 ஜனவரியில் யு.என். தேபர் தலைமையில் ஆவடியில் கூடிய காங்கிரஸ், 'சோஷலிச பாணி சமுதாயம்' என்ற தீர்மானத்தை நிறைவேற்றிக் கலைந்தது. அந்தச் சொல் பட்டுக்கோட்டைக்கோ நாகப்பட்டினத்துக்கோ போய்ச் சேர்ந்ததா என்று கேட்டால், 1968 டிசம்பர் 25-ஐத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதும், செங்கொடியை இறக்க மறுத்ததும் குற்றமாகி, கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கீழ்நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. நிலபுலமும் காரும் உள்ள மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது அந்தத் தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்று. ஆக, வழக்கின் அடியில் கிடந்த கேள்வி கூலி மட்டுமல்ல. யாரை மனிதராக, மரியாதைக்குரியவராக எண்ணுவது என்பதும்தான். தீர்மானத்தாலும் தீர்ப்பாலும் தொட முடியாத அந்த இடத்தை ஒரு பாட்டு தொட்டது என்பதே என் கட்சி.

இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' தான் அந்தப் பாட்டு. தலைப்பிலேயே விஷயம் இருக்கிறது. எழுதியவர் சென்னை புதுக்கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். 'மனிதர்கள்' என்று எழுதத் தெரியாதவர் அல்ல. 'மனிதர்கள்' என்றால் அது மேடைப் பேச்சாகியிருக்கும். 'மனுசங்க' என்றதும் களத்துமேட்டுக்கு இறங்கிவிட்டது. அதைவிடப் பெரிய வேலையைச் செய்வது அந்த 'டா'. பண்ணையார் வீட்டுப் பொடியன், தன் தாத்தா வயதுள்ள பண்ணையாளைக் கூப்பிட வைத்திருந்த விகுதி அது. மேலிருந்து கீழே மட்டுமே ஓடிய அந்த ஒற்றை எழுத்தைப் பாட்டு கீழிருந்து மேலே திருப்பிவிட்டது. உரிமையை விண்ணப்பமாகக் கேட்கும் குரலில் 'டா' வராது. இலக்கணம் அறிந்தவர் செய்த இலக்கண மீறல் என்பதால் இதைத் தற்செயல் என்று தள்ள முடியாது.

ஆனால் தாளில் கிடந்தால் அந்த 'டா' வெறும் எழுத்துதான். அதை ஊர் ஊராகக் கொண்டுபோன குரல் கே.ஏ. குணசேகரனுடையது. கீழக்கரையில் பிறந்த இன்குலாப்பும், இளையான்குடிப் பக்கத்து மாரந்தையில் பிறந்த குணசேகரனும் பழைய ராமநாதபுரம் மாவட்டத்துப் பிள்ளைகள். நாட்டுப்புறக் கலைஞர், ஆய்வாளர், 'பலி ஆடுகள்' நாடக ஆசிரியர் என்று குணசேகரனுக்குப் பல முகங்கள் உண்டு. போகிற இடமெல்லாம் சாதி முன்னே வந்து நின்றதை 'வடு' என்ற தன்வரலாற்றில் அவர் எழுதியிருக்கிறார். அந்த நூலைப் படித்தவருக்கு ஒன்று விளங்கும்: அவர் பாடியபோது அந்தச் சொல் இரவல் சொல்லாக இருக்கவில்லை.

கற்றவர் எழுதியது எப்படி நாட்டுப்புறப் பாட்டாகும் என்று கேட்பவர்கள் உண்டு. பிலிப்பைன்ஸில் 'பயான் கோ' என்ற பாட்டுக்கு நேர்ந்ததை அவர்கள் பார்க்கலாம். அமெரிக்க ஆட்சிக் காலத்தில் ஹோசே கொராசோன் தே ஹேசுஸ் என்ற கவிஞர் எழுதியது அது. அந்நாட்டு அதிபர் மார்கோஸின் ராணுவச் சட்ட காலத்தில் அதைப் பாடத் தடை இருந்தது. 1986-ல் மணிலாவின் எட்சா சாலையில் மக்கள் திரண்டபோது, ஃப்ரெடி அகிலார் என்ற பாடகர் அதைப் பாடினார். எழுதியவர் இறந்து அரை நூற்றாண்டு தாண்டியிருந்தது. யாருக்கு எதிராக எழுதினாரோ அவர்களும் ஆட்சியில் இல்லை. பாட்டு மட்டும் புது எதிரியைக் கண்டுகொண்டது. நாட்டுப்புறப் பாட்டு என்பது பிறந்த இடத்தால் அமைவதல்ல, புழங்கும் இடத்தால் அமைவது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. பாட்டு எந்தத் தீர்ப்பை மாற்றியது? எதையும் மாற்றவில்லை, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மார்கோஸ் வீழ்ந்ததும் பாட்டால் மட்டுமல்ல, ராணுவம் பிளந்ததாலும்தான். ஆனால் மாற்றத்தைச் சட்டப் புத்தகத்தில் மட்டும் தேடினால், ஆவடித் தீர்மானத்தைத்தான் பெரிய புரட்சி என்று எழுத வேண்டிவரும். குனிந்து நின்று கேட்டவர் நிமிர்ந்து நின்று சொல்லத் தொடங்குவதும் வரலாற்றில் நடக்கும் நிகழ்ச்சிதான்; அதற்கு அரசிதழில் தேதி இருக்காது, அவ்வளவே. தலித் இயக்க மேடைகளில் இந்தப் பாட்டு கிட்டத்தட்ட ஒரு கீதமாகவே ஆகிப்போனதை வேறு எப்படி விளக்குவது?

2016 ஜனவரியில் குணசேகரன் மறைந்தார். அதே ஆண்டு டிசம்பர் முதல் தேதி இன்குலாப்பும் போனார். மறு ஆண்டு 'காந்தள் நாட்கள்' தொகுப்புக்காக இன்குலாப்புக்குச் சாகித்திய அகாதமி விருது அறிவிக்கப்பட்டது. அவர் குடும்பத்தார் அதை வாங்க மறுத்துவிட்டார்கள்.