அலகாபாத்தில் இருந்து வந்த 'பாப்பா ராக்'!

காலேஜ் ஃபெஸ்ட்டில் ராக் பேண்ட் வாசிக்கும்போது உங்க கண்ணு பாடகர் மேலயும் கிட்டார் மேலயும்தான் இருக்கும். மேடை ஓரத்தில் போனும் கையுமா ஒருத்தர் அலைவாரே, கவனிச்சிருக்கீங்களா? சவுண்ட் செக் முடிஞ்சுதா, பேசின காசு கைக்கு வருமா, ராத்திரி எல்லாரும் எங்கே தங்குறது... இத்தனையும் அவர் தலையில்தான். அவர்தான் மேனேஜர்.

உலகத்துக்குத் தெரிந்த உதாரணம், பிரையன் எப்ஸ்டீன். லிவர்பூலில் குடும்பத்தோட இசைத்தட்டுக் கடையைக் கவனித்து வந்தவர், 1961 நவம்பரில் ஒரு கிளப்பில் பீட்டில்ஸைப் பார்த்தார். அடுத்த ஆண்டு தொடக்கத்திலேயே ஒப்பந்தம். லெதர் ஜாக்கெட் பசங்களுக்கு கோட் சூட் மாட்டிவிட்டதும் அவர்தான். ஆனா, பீட்டில்ஸ் பெயரில் பொம்மை, விக் விற்கும் உரிமையைக் கொடுத்தபோது தங்கள் பக்கத்துக்கு வெறும் 10 சதவிகிதம் பேசி, பெரிய பணத்தைக் கோட்டைவிட்டார். கையெழுத்துக்கு அவ்வளவு விலை!

நம்ம நாட்டுக் கதை வேற மாதிரி. அமித் சைகலை மேனேஜர் என்ற ஒரு வார்த்தையில் அடக்க முடியாது. அவரே பேண்டில் வாசித்தவர். 1993-ல் ஷீனா கமத்துடன் சேர்ந்து 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' என்ற பத்திரிகையை ஆரம்பித்தார். மும்பையில் இல்லை, பெங்களூரில் இல்லை, அலகாபாத்தில்! இன்ஸ்டா, யூடியூப் எதுவும் இல்லாத காலம் அது. ஷில்லாங்கில் ஒரு பேண்ட் இருக்குன்னு சென்னைப் பையனுக்கு எப்படித் தெரியும்? அந்த வேலையை இந்தப் பத்திரிகை செய்தது.

அப்போ காலேஜ் போட்டிகளில் வெளிநாட்டுப் பாட்டை அச்சு அசலா வாசிப்பவருக்குத்தான் கைதட்டல். 1997-ல் சைகல் தொடங்கிய 'கிரேட் இண்டியன் ராக்' விழா அதைத் திருப்பிப் போட்டது. சொந்தப் பாட்டு இருந்தால் வா! அந்தப் பாடல்களைத் தொகுப்பு ஆல்பங்களாகவும் வெளியிட்டார். என்னைக் கேட்டால், அவர் செய்ததில் பெரிய காரியம் இதுதான். அடுத்தவர் பாட்டை வாசிக்கும் பேண்டுக்கு மேனேஜர் எவ்வளவு ஓடினாலும், அந்த ராத்திரி சம்பளத்தோடு கணக்கு முடிஞ்சுது.

ரசிகர்கள் வைத்த பட்டப்பெயர் 'பாப்பா ராக்'. நம்ம ஊர்ப் பாப்பா இல்லைங்க, அப்பா! 2012 ஜனவரியில் கோவா கடலில் மூழ்கி இறந்தபோது அவருக்கு வயது 46.

அதே 2012-ல்தான் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. சினிமாவுக்கு எழுதினாலும், இசையமைத்தாலும் ராயல்டியில் உங்க பங்கை யாரும் மொத்தமா எழுதி வாங்கிவிட முடியாது.

காரைக்காலில் இருந்து இதைப் படிக்கிறீங்களா? புதுச்சேரி என்ஐடி உங்க ஊர்லதான் இருக்கு, மேடைக்குப் பஞ்சமில்லை. 1982-ல் பிரான்ஸில் தொடங்கிய ஜூன் 21 இசைத் திருவிழாவைப் புதுச்சேரியிலும் கொண்டாடுறாங்க. சொந்தமா நாலு பாட்டு தேறியதும், பேண்டில் கணக்கு சரியா வெச்சுக்கிற ஆளைப் பிடிச்சு மேனேஜர் ஆக்குங்க. பாட்டு எழுதினது யார், மெட்டு யாரோடது, யாருக்கு எத்தனை சதவிகிதம் என்பதை முதல் மேடைக்கு முன்னாடியே எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டுடுங்க. அப்புறம் ஐபிஆர்எஸ் சங்கத்தில் பாட்டைப் பதிவு பண்ணுங்க.