பப்பா ஷுல்ட்ஸும் குள்ளக் கார்ப்பரலும்

1989-இல் பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ஒரு மாதம் போயிருந்தேன். அக்கா என்றால் பெரியப்பா மகள். பெரியப்பா நம் ஊரில் ‘சொல்தா’ என்று சொல்வோமே, அந்தப் பிரெஞ்சுப் பட்டாள உத்தியோகம் பார்த்தவர். இந்தோசீனப் போரில் பிடிபட்டு முகாமில் கிடந்து 1954-இல் விடுதலையானார். 1962-இல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். பெரியப்பா எழுதிக் கொடுத்தார், அப்பா கொடுக்கவில்லை. அதனால்தான் அவர் பிள்ளைகள் அங்கே, நான் இங்கே புதுவை அரசு அலுவலகத்தில் கோப்பு கட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கதை இன்னொரு நாளைக்கு.

ஒரு நாள் மத்தியானம் டிவியில் ‘பப்பா ஷுல்ட்ஸ்’ என்று ஒரு தொடர் ஓடியது. (‘பப்பா’ என்றால் அப்பா. நம் வீட்டுப் பாப்பா இல்லை.) ஜெர்மானியர்களின் போர்க்கைதி முகாம். கைதிகள் கொட்டகைக்கு அடியில் சுரங்கம் தோண்டி, ராத்திரி வெளியே போய்ப் பாலத்துக்கு வெடி வைத்துவிட்டு, விடிவதற்குள் திரும்பி வந்து வரிசையில் நிற்கிறார்கள். நானும் அக்கா பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தோம். பெரியப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். “முகாமில் ஏதுடா சிரிப்பு? அணை அதை” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து அவர் வீட்டில் இருக்கும்போது யாரும் அதைப் போடவில்லை.

அது அமெரிக்கத் தொடர். அசல் பெயர் ‘ஹோகன்ஸ் ஹீரோஸ்’. சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1965 முதல் 1971 வரை 168 பகுதிகள் வந்தது. கதாநாயகன் ஹோகனாக நடித்தவர் பாப் கிரேன். ஓய்வு பெற்ற பிறகு பேரன் தயவில் ஆங்கிலத்திலும் நிறையப் பார்த்துவிட்டேன். என்னைக் கேட்டால் கதாநாயகன் இல்லாமல்கூட அந்தத் தொடர் ஓடியிருக்கும். பக்கத்தில் நின்றவர்கள் இல்லாமல் ஓடியிருக்காது.

முதலில் ஷுல்ட்ஸ். பருத்த உடம்பும் குழந்தை முகமும் கொண்ட காவல் சார்ஜண்ட். கைதிகள் கண்ணெதிரே சுரங்கத்திலிருந்து ஏறி வருவார்கள். அவர் தான் ஒன்றையும் பார்க்கவில்லை, தனக்கு ஒன்றுமே தெரியாது என்று சொல்லிக்கொண்டு மறுபக்கம் திரும்பிக்கொள்வார். ஒரு துண்டு ‘ஷ்ட்ரூடல்’ பலகாரம் கொடுத்தால் போதும், அதுவும் தேவையில்லை. முப்பத்தைந்து வருடம் அரசாங்க வேலை பார்த்தவன் நான். இந்த ஆளை எனக்கு நன்றாகத் தெரியும். மேலதிகாரி கேட்டால் கோப்பு என்னிடம் வரவே இல்லை என்று சொல்லும் ஷுல்ட்ஸ் ஒவ்வொரு பிரிவிலும் ஒருத்தர் இருந்தார். சில நாள் அது நானாகவும் இருந்திருக்கிறேன். ஆனால் நிஜ ஜெர்மனியில் ஒன்றும் பார்க்கவில்லை, ஒன்றும் தெரியாது என்று எத்தனை பேர் சொன்னார்கள், அதனால் என்ன ஆயிற்று என்பதும் நமக்குத் தெரியும். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அது சுருக்கென்று குத்தும்.

அந்த வேடத்தில் நடித்த ஜான் பானர் ஒரு யூதர் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. 1910-இல் அன்றைய ஆஸ்திரிய சாம்ராஜ்யத்தில் பிறந்தவர். 1938-இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியபோது நாடகக் குழுவோடு சுவிட்சர்லாந்தில் இருந்தார். ஊர் திரும்ப முடியவில்லை. அமெரிக்கா போய், ஆங்கிலம் தெரியாமலேயே வசனத்தை ஒலியாக மனப்பாடம் செய்து மேடை ஏறினார். போரின்போது அமெரிக்க விமானப் படையில் நிஜமாகவே சார்ஜண்டாக இருந்தார். 1973-இல் வியன்னாவில், தன் 63-வது பிறந்த நாளன்றே இறந்துபோனார்.

முகாம் அதிகாரி கர்னல் கிளிங்க்காக வந்த வெர்னர் கிளெம்பரரும் அப்படித்தான். பெரிய இசை நடத்துனர் ஓட்டோ கிளெம்பரரின் மகன். யூத வம்சம் என்பதால் 1933-இல் குடும்பம் ஜெர்மனியை விட்டுக் கிளம்பியது. கிளிங்க் எந்தக் கதையிலும் ஜெயிக்கக்கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் அவர் வேடத்தை ஏற்றார். உண்மையில் நன்றாக வயலின் வாசிப்பவர், கிளிங்க்காக வரும்போது வேண்டுமென்றே அபசுரமாக இழுப்பார். துணை நடிகருக்கான எம்மி விருது இரண்டு முறை வாங்கினார். இன்னொரு விஷயம். 1961-இல் ஐக்மன் பற்றி வந்த ஒரு படத்தில் இதே கிளெம்பரர்தான் ஐக்மன், இதே பானர்தான் ஆஷ்விட்ஸ் முகாமின் தலைவன் ஹோஸ். நாலே வருடத்தில் இரண்டு பேரும் ஜெர்மன் சீருடையில் கோமாளிகளாக வந்தார்கள்.

மேலே இருந்து மிரட்டும் ஜெனரல் புர்க்ஹால்டர் வேடக்காரர் லேயோன் ஆஸ்கின் வியன்னா யூதர். அவருடைய தாய் தகப்பனைத் திரெப்லிங்கா முகாமில் கொன்றார்கள். கெஸ்டாப்போ அதிகாரியாகக் கத்தும் ஹவர்ட் கெய்னும் யூதர்தான். அமெரிக்காவிலேயே பிறந்தவர், பான்ஜோ வாசிப்பில் கெட்டிக்காரர்.

இனி நம்ம ஆள், கார்ப்பரல் லெபோ. ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே உயரம், சமையல்காரர், முகாம் நாய்களுக்கெல்லாம் சிநேகிதர். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு அவர்மேல் ஒரு பாசம். பாரிசில் பார்த்தபோது டப்பிங்கில் எல்லோருமே பிரெஞ்சு பேசினார்கள், அவர் ஒருத்தர்தான் பிரெஞ்சுக்காரர் என்பதே மறந்துபோயிற்று. ஆங்கிலத்தில் கேட்டபோதுதான் அந்த உச்சரிப்பின் சுகம் தெரிந்தது.

நடித்தவர் ரோபேர் கிளாரி. 1926-இல் பாரிசில், போலந்திலிருந்து வந்த யூதக் குடும்பத்தில் பதினான்கு பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர். 1942-இல் பதினாறு வயதில் குடும்பத்தோடு பிடித்துக்கொண்டு போனார்கள். கையில் ஏ-5714 என்று பச்சை குத்தினார்கள். பல முகாம்கள் மாறிக் கடைசியில் புக்கென்வால்டில் இருந்தார். அங்கே ஒருத்தர் அக்கார்டியன் வாசிக்க, எஸ்.எஸ். காவலர்களுக்கு முன்னால் பாடிக் காட்டுவார். இளம் வயதும் பாட்டும்தான் தன்னைக் காப்பாற்றின என்று பின்னாளில் சொன்னார். 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை வந்து திறந்துவிட்டபோது, தாய் தகப்பன் உட்படக் குடும்பத்தில் 12 பேர் இல்லை.

அப்படிப்பட்டவர் இருபது வருடம் கழித்து, முள்கம்பி வேலிக்குள்ளே, நாஜி சீருடைகளுக்கு நடுவே, சிரிப்புத் தொடரில் எப்படி நடித்தார்? இதைப் பலர் அவரிடம் கேட்டார்கள். அது போர்க்கைதிகளின் முகாம், தான் இருந்தது வேறு, இரண்டுக்கும் இரவுக்கும் பகலுக்கும் உள்ள வித்தியாசம் என்பது அவர் பதில். போர்க்கைதிக்கு ஜெனீவா ஒப்பந்தம் என்று பெயருக்காவது ஒன்று இருந்தது. பதினாறு வயது யூதப் பையனுக்கு அதுகூட இல்லை. ஆனால் தன் கதையை 1980 வரை வெளியே அதிகம் பேசவில்லை. யூதர்களைக் கொன்றதே பொய் என்று சிலர் எழுதத் தொடங்கியதும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பேசினார், 2001-இல் புத்தகமும் எழுதினார். 2022 நவம்பரில், 96 வயதில் காலமானார்.

பிரிட்டனின் ‘டாட்ஸ் ஆர்மி’யும் இந்த வகைதான். அதில் அடிக்கடி கழிப்பறைக்கு அனுமதி கேட்கும் கிழவர் காட்ஃப்ரியாக வந்த ஆர்னல்ட் ரிட்லி 1916-இல் சோம் போரில் படுகாயம் பட்டவர். கிழக் கார்ப்பரல் ஜோன்ஸாக வந்த கிளைவ் டன் இரண்டாம் போரில் நான்கு வருடம் போர்க்கைதி. அதைப் பற்றித் தனியே எழுதுகிறேன்.

பெரியப்பா சொன்னது தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்தத் தொடரில் கைதிகள் யாருக்கும் பசியில்லை, எல்லோரும் கொழுகொழுவென்று இருந்தார்கள். பசித்துக் கிடந்தவர் கண்ணுக்கு அதுதான் முதலில் பட்டிருக்கும். ஆனால் அந்தக் குள்ளக் கார்ப்பரல் யார் என்று அன்றைக்கு எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. தெரியாமலேயே 1997-இல் போய்விட்டார்.

கிளாரி இறந்த செய்தி வந்த அன்று அக்காவுக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “தெரிஞ்சிருந்தாலும் அப்பா சிரிச்சிருக்க மாட்டார்டா தம்பி. ஆனா டிவியை அணைக்கச் சொல்லியிருக்க மாட்டார்” என்றாள்.