மனநோய்க்கு மருத்துவம் செய்த மாரிஸ்தான்கள்

'பீமாரிஸ்தான்' என்பது பார்சிச் சொல். 'பீமார்' என்றால் நோயாளி. 'ஸ்தான்' என்றால் இடம். அரபிகள் இதனைத் தம் நாவுக்கேற்ப 'மாரிஸ்தான்' எனக் குறுக்கி வழங்கினர். காய்ச்சல், கண்ணோய், வயிற்றுப்போக்கு, எலும்பு முறிவு எனப் பல பிணிகளுக்கும் மருந்தளித்த பொது மருத்துவமனையையே அச்சொல் முதலில் குறித்தது. காலப்போக்கில் எகிப்து முதலிய நாடுகளில், பித்துற்றோரை அடைத்து வைக்கும் இடம் என்றே மக்கள் அதற்குப் பொருள் கொள்ளலாயினர். ஒரு நல்ல சொல் இவ்வாறு தாழ்ந்ததற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அது நம் ஊர்களுக்கும் உரிய படிப்பினை என்பதால் அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

அரபியில் பித்துற்றவனை 'மஜ்னூன்' என்பர். 'ஜின்' என்ற சொல்லும் இதுவும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. இந்த உறவைக் கொண்டு, மனம் பேதலித்த எவரையும் ஜின் பிடித்தவர் என்று பாமரர் முடிவுகட்டியதுண்டு. ஆனால் மார்க்கச் சட்ட வல்லுநர்கள் மஜ்னூனைக் குற்றவாளியாகக் காணவில்லை. உறங்குபவர், சிறுவர், பித்துற்றவர் ஆகிய மூவர் மீதும் பொறுப்புச் சுமத்தப்படுவதில்லை என்ற நபிமொழியின் அடிப்படையில் அவருக்கு விலக்களித்தனர். பொருளை நிர்வகிக்கும் அறிவு முதிராதோருக்கு உணவும் உடையும் அளித்து, அவர்களிடம் இனிய சொல் பேசுமாறு திருக்குர்ஆனின் 'அந்நிஸா' அத்தியாயம் 5ஆம் வசனம் பணிக்கிறது. உணவு, உடை, இனிய சொல் ஆகிய இம்மூன்றையும் வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

சட்ட வல்லுநர்கள் இவ்வாறிருக்க, மருத்துவ நூலோர் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். அவர்களுள் அபூ ஸைத் அல்பல்கீ தனித்துக் குறிக்கத்தக்கவர். இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள பல்கு நகரை அடுத்த சிற்றூரில் 9ஆம் நூற்றாண்டின் நடுவில் பிறந்து 934இல் மறைந்த இப்பேரறிஞரைப் புவியியல் வல்லுநராகவே பலரும் அறிவர். உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் நலம் தருபவை என்று பொருள்படும் 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்பது அன்னாரது மருத்துவ நூல். அதன் முதற்பகுதி உடலைப் பற்றியது. இரண்டாம் பகுதி எட்டு அத்தியாயங்களில் உள்ளத்தைப் பற்றியது. மருத்துவர்கள் உடலை மட்டும் பேசி உள்ளத்தை விட்டுவிடுகின்றனர் என்பது அவர் கண்ட குறை. உடல் நோயுற்றால் உள்ளம் வாடும். உள்ளம் வாடினால் உடல் நோயுறும். ஆதலால் இரண்டையும் சேர்த்தே பேண வேண்டும் என்றார்.

சினம், அச்சம், துயரம், ஓயாது அலைக்கழிக்கும் எண்ணங்களாகிய வஸ்வாஸ் என உள்ளத்தின் துன்பங்களை அவர் வகைப்படுத்தினார். துயரத்தையும் இரண்டாகப் பிரித்தார். அன்புக்குரியவரை இழந்ததாலோ பொருளை இழந்ததாலோ வருவது ஒன்று; அதன் காரணம் தெரிந்ததே. காரணம் இன்னதென்று சொல்ல இயலாமல் மனத்தைக் கவ்வுவது மற்றொன்று. இது உடலில், குறிப்பாக இரத்தத்தில், நேரும் கேட்டினால் வருவது என்று கருதி அதற்கு உடல் மருத்துவத்தையே அவர் பரிந்துரைத்தார். இன்றைய மருத்துவம் இரத்தத்தைக் காரணம் காட்டுவதில்லை. ஆயினும் 'வாழ்க்கையில் ஒரு குறையும் இல்லையே, பிறகு ஏன் இவர் அழுகிறார்?' என்று நம் வீடுகளில் கேட்கப்படும் கேள்விக்கு, அதுவும் ஒரு நோயே என்ற விடை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டதைக் காண்கிறோம்.

அவர் கூறிய மற்றொரு யோசனையும் உண்டு. உடல்நலத்தோடு இருக்கும்போதே அவசரத்துக்குச் சில மருந்துகளை வீட்டில் வைத்துக்கொள்கிறோம் அல்லவா? அதுபோல மனம் அமைதியாக இருக்கும்போதே நல்லெண்ணங்களைச் சேமித்து வைக்க வேண்டும். துன்பம் தாக்கும்போது அவை கைகொடுக்கும் என்றார். அதே காலத்தையொட்டி, வட ஆப்பிரிக்காவின் கைரவானில் வாழ்ந்த மருத்துவர் இஸ்ஹாக் இப்னு இம்ரான், 'மாலிகூலியா' எனப்படும் மனச்சோர்வு நோய்க்கென்றே தனி நூல் ஒன்றை இயற்றினார். 11ஆம் நூற்றாண்டில் அது இலத்தீனுக்குச் சென்று ஐரோப்பிய மருத்துவர்களுக்கும் பாடமாயிற்று.

நூலில் இருந்த இவ்வறிவு நோயாளியின் படுக்கைக்கு வந்து சேர்ந்தது மாரிஸ்தான்கள் வாயிலாகத்தான். டமாஸ்கஸில் நூருத்தீன் ஸங்கி 1154இல் ஒன்றைக் கட்டினார். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் மன்சூரி மருத்துவமனையை எழுப்பினார். அலெப்போவில் 1354இல் அர்கூன் மருத்துவமனை தோன்றியது. அதன் உள்முற்றத்தில் நீர்த்தடாகமும் அதைச் சுற்றி அறைகளும் அமைந்திருந்தன. துருக்கியின் எதிர்னேயில் சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1488இல் முடித்த மருத்துவமனையில், மனநோயாளிகளுக்காக இசைவாணர்கள் அமர்த்தப்பட்டதையும் நறுமலர்கள் அளிக்கப்பட்டதையும் 17ஆம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலபி எழுதிவைத்துள்ளார். இவை யாவும் வக்ஃபுச் சொத்துகளின் வருவாயில் நடந்தவை. ஏழை, செல்வர் என்ற வேறுபாடு இன்றி மருந்தும் உணவும் வழங்கப்பட்டன.

பெருமை பேசுவதோடு நின்றுவிட்டால் அது வரலாறு ஆகாது. அந்த மாரிஸ்தான்களிலும் சங்கிலி இருந்தது. 1184இல் டமாஸ்கஸைக் கண்ட ஸ்பெயின் நாட்டுப் பயணி இப்னு ஜுபைர், அங்கே பித்துற்றோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததை மறைக்காமல் எழுதியுள்ளார். அதே மருத்துவமனையில் நோயாளிகளின் பெயர்களும் அவர்களுக்கான செலவும் பதிவேட்டில் எழுதப்பட்டதையும், மருத்துவர்கள் நாள்தோறும் அதிகாலையிலேயே வந்து ஒவ்வொருவருக்கும் ஏற்ற மருந்தையும் உணவையும் குறித்துக் கொடுத்ததையும் அவரே கூறுகிறார். அதாவது சங்கிலி இருந்த கட்டடத்திலேயே மருத்துவரும் இருந்தார், நோயாளிக்குப் பெயர் இருந்தது, கணக்கும் இருந்தது.

பின்னர் வக்ஃபு வருவாய் சுருங்கியது, நிர்வாகம் சீர்கெட்டது. 1830களில் கெய்ரோவில் வாழ்ந்த ஆங்கிலேய அறிஞர் எட்வர்ட் லேன், கலாவூன் எழுப்பிய அதே மாரிஸ்தானில் பித்துற்றோர் சிறு அறைகளில் சங்கிலியிட்டு வைக்கப்பட்டிருந்ததையும், பார்க்க வந்தவர்கள் அவர்களுக்கு ரொட்டித் துண்டுகள் கொடுத்ததையும் எழுதினார். மருத்துவர் போய்விட்டார், பதிவேடு போய்விட்டது, சங்கிலி மட்டும் நின்றது. மாரிஸ்தான் என்ற சொல் தாழ்ந்த வரலாறு இதுவே.

இவ்வரலாறு கெய்ரோவோடு முடிந்துவிட்டதாக எண்ணிவிடலாகாது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி தர்காவுக்கு மனநோயாளிகளை எல்லாச் சமயத்தாரும் நெடுங்காலமாக அழைத்து வருகின்றனர். குணம் வேண்டி வந்தவர்களை வைத்துக்கொள்ளத் தனியார் பலர் காப்பகங்கள் நடத்தினர். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியும் முன்னர் அத்தகைய கொட்டகை ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் கருகின. அங்கே சங்கிலி இருந்தது, மருத்துவர் இல்லை.

அதன்பின் அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. உச்சநீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்து மாநிலங்களுக்கு ஆணைகள் பிறப்பித்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்துள்ளது. மருத்துவ சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்றும் அது கூறுகிறது.

சட்டம் வந்துவிட்டது, ஆனால் வீடுகளின் கதவு இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. 2015–16இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், வயதுவந்தோரில் 100க்கு 10 பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு இருப்பது தெரியவந்தது. நோயின் வகையைப் பொறுத்து, அவர்களில் 100க்கு 70 பேர் முதல் 90 பேருக்கு மேலும் சிகிச்சை பெறாதவர்கள். திருமணப் பேச்சு தடைப்படும், ஊர் என்ன சொல்லும் என்ற அச்சத்தால் மறைக்கப்படும் மகளும், மூத்த பிள்ளையும், பேறுகாலத்துக்குப் பின் வாடிப்போன மருமகளும் இக்கணக்கில் அடங்குவர்.

துஆச் செய்ய வேண்டாம் என்று யாரும் கூறவில்லை. நோய்க்கு மருந்து தேடுங்கள் என்று பணித்ததும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்தாமே! காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு ஓதி ஊதிவிட்டு மருத்துவரிடமும் தூக்கிச் செல்கிறோம். உறக்கம் இழந்து, தனக்குத்தானே பேசி, உண்ண மறுக்கும் பிள்ளைக்கும் அதனையே செய்வோம். அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. தொடங்கிய மருந்தை மருத்துவரைக் கேளாமல் நிறுத்தாமலிருப்பதும், நோயுற்றவரைக் குடும்பப் பந்தியில் நம்மோடு அமர்த்திக்கொள்வதும், அவரைப் பெயர் சொல்லி அன்போடு அழைப்பதும் நம் கையில் உள்ளவை. உணவு, உடை, இனிய சொல் என்று இறைவசனம் நமக்கிட்ட கடமையும் இதுதான்.