இரட்டைக் கார்டிலிருந்து ஒற்றைக் கார்டுக்கு: பங்கிடப்பட்ட படத்தின் வரலாறு (1998–2022)

கணினி விளையாட்டுக்காக இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளை ஒரே பெட்டியில் பூட்டும் வழக்கம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்து மறைந்தது. ஒரே கார்டு போதிய வேகம் பெற்றுவிட்டது என்பதே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அது பாதிக் காரணம்தான். வேகமான புதிய கார்டு எல்லாக் காலத்திலும் வந்துகொண்டிருந்தது. அதையே இரண்டாக வாங்கிப் பூட்டுவோரும் இருந்தார்கள். மாறியது வேறொன்று: திரையில் தோன்றும் படத்தை எங்கே வெட்டிப் பங்கு பிரிக்கலாம் என்பது. வெட்ட இடமில்லாமல் போனதால்தான் இரட்டைக் கார்டு ஒழிந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1998இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ 2 கார்டு வந்தபோது வெட்டுவது எளிதாக இருந்தது. 'ஸ்கேன் லைன் இன்டர்லீவ்' (எஸ்எல்ஐ) என்ற முறையில் ஒரு கார்டு திரையின் ஒற்றைப்படை வரிகளை வரையும். மற்றது இரட்டைப்படை வரிகளை வரையும். இரண்டையும் ஒரு ரிப்பன் கேபிள் இணைத்தது. தனிக் கார்டு 800×600 வரைதான் எட்டியது. ஜோடி 1024×768க்குப் போனது. பங்கீடும் நியாயமானது. அடுத்தடுத்த வரிகளில் காட்சி ஏறக்குறைய ஒன்றே என்பதால் ஒரு கார்டுக்கு வேலை கூடி மற்றதற்குக் குறையாது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. உருவங்களின் வடிவக் கணக்கு அப்போது மையச் செயலியின் பொறுப்பு. கார்டு செய்தது பெரும்பாலும் புள்ளிகளை நிரப்பும் வேலையே.

1999இல் என்விடியாவின் ஜிஃபோர்ஸ் 256 அந்த வடிவக் கணக்கைக் கார்டுக்குள் கொண்டுவந்தது. இனி வரிவரியாகப் பிரித்தால் முழுக் கணக்கையும் இரண்டு கார்டுகளும் போட்டாக வேண்டும். மிச்சமாவது நிரப்பும் வேலை மட்டுமே. ஆகவே வெட்டு வரியிலிருந்து ஃபிரேமுக்கு நகர்ந்தது. அதே ஆண்டில் ஏடிஐ வெளியிட்ட ரேஜ் ஃப்யூரி மேக்ஸ் ஒரே பலகையில் இரண்டு சில்லுகளை வைத்து, ஒரு ஃபிரேமை ஒன்றுக்கும் அடுத்ததை மற்றதற்கும் கொடுத்தது. விண்டோஸ் 2000இல் இரண்டாவது சில்லு வேலை செய்யவில்லை என்பது தனிக் கதை. 3டிஎஃப்எக்ஸின் சொத்துகளை வாங்குவதாக 2000 டிசம்பரில் என்விடியா அறிவித்தது. 2004இல் பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்ததும் எஸ்எல்ஐ என்ற பழைய மூன்றெழுத்துக்குப் புது விரிவாக்கம் கொடுத்து மீண்டும் இறக்கியது. மறு ஆண்டில் ஏடிஐயின் கிராஸ்ஃபயர் போட்டிக்கு வந்தது.

ஃபிரேமை மாற்றி மாற்றிக் கொடுப்பதில் சராசரி வேகம் பார்க்க அழகாக இருக்கும். குறைகள் உள்ளே கிடந்தன. ஒவ்வொரு கார்டும் காட்சி முழுவதையும் தன் நினைவகத்தில் வைத்திருக்க வேண்டும் என்பதால் 4 ஜிபி கார்டுகள் இரண்டைப் பூட்டினாலும் 8 ஜிபி ஆகாது. நொடிக்கு 60 ஃபிரேம் காட்டும் ஜோடியில் ஒரு கார்டு ஒரு ஃபிரேமுக்கு 33 மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது. மவுஸை அசைத்த கைக்கும் திரைக்கும் உள்ள தாமதம் 60க்கு உரியதாகக் குறையாமல் 30க்கு உரியதாகவே நிற்கிறது. மூன்றாவதுதான் பெருங்குறை. ஏர் பூட்டிய மாடுகள் போல இரண்டும் சேர்ந்து நடந்தால் சரி, ஒன்று முந்தினால்? ஒரு ஃபிரேம் 5 மில்லிநொடியிலும் அடுத்தது 28 மில்லிநொடியிலுமாக மாறி மாறி வந்தால் சராசரி 60 என்றே கணக்கு காட்டும். கண்ணுக்கோ அது 35 போலத் தடுக்கும்.

இதை எண்ணால் நிறுவ வெகுகாலம் ஆயிற்று. டெக் ரிப்போர்ட் இதழின் ஸ்காட் வாசன் 2011இல் நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதை ஒதுக்கி, ஒவ்வொரு ஃபிரேமும் எடுத்துக்கொண்ட நேரத்தை அளந்து காட்டினார். 2013இல் என்விடியா எஃப்கேட் என்ற கருவியை வெளியிட்டது. அது ஒவ்வொரு ஃபிரேமின் ஓரத்திலும் ஒரு வண்ணப் பட்டையைத் தீட்டி, திரைக்குப் போவதைப் பதிவு செய்தது. கிராஸ்ஃபயர் ஜோடிகளில் சில ஃபிரேம்கள் திரையில் மெல்லிய கீற்றாக மட்டுமே தெரிந்தும் முழு ஃபிரேமாக எண்ணப்பட்டிருந்தது வெளிப்பட்டது. போட்டியாளரின் கருவி காட்டிய குறைதான் என்றாலும், ஏடிஐயை வாங்கியிருந்த ஏஎம்டியால் மறுக்க முடியவில்லை. ஆகஸ்டில் ஃபிரேம்களைச் சீரான இடைவெளியில் அனுப்பும் டிரைவரை வெளியிட்டது.

இந்தக் குறைகளோடும் ஜோடி நிலைத்ததற்குச் சில்லு உற்பத்தியின் தேக்கம் உதவியது. 2012 முதல் 2016 தொடக்கம் வரை கார்டுகள் 28 நானோமீட்டரிலேயே நின்றன. 20 நானோமீட்டர் இவற்றுக்கு வராமலே போயிற்று. அந்தக் காலத்தின் பிள்ளைகள்தாம் இரு சில்லு வைத்த என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 690 (2012), 500 வாட் இழுத்த, திரவக் குளிர்விப்பு தேவைப்பட்ட ஏஎம்டியின் ஆர்9 295எக்ஸ்2 (2014) ஆகியவை. 2016 மே மாதம் 16 நானோமீட்டரில் ஜிடிஎக்ஸ் 1080 வந்தது. இது முந்தைய தலைமுறையின் இரண்டு ஜிடிஎக்ஸ் 980ஐ விட வேகமானது என்று மேடையில் அறிவித்தார் என்விடியாவின் ஜென்சன் ஹுவாங். நன்றாகப் பங்கிடும் விளையாட்டுகளில் 980 ஜோடி தோளுரசி நின்றது என்பதே சரியான கணிப்பு. ஆனால் ஜோடிக்கு 330 வாட், 1080க்கு 180. ஜோடிக்கு உதவும் நினைவகம் 4 ஜிபி, 1080க்கு 8. 980 வெளியானபோது ஒன்றின் விலையே 549 டாலர். 1080இன் தொடக்க விலை 599.

இவற்றையெல்லாம் விட ஆழமான மாற்றம் விளையாட்டுகளுக்குள் நடந்துகொண்டிருந்தது. விளிம்புகளை மென்மையாக்க முந்தைய ஃபிரேமின் புள்ளிகளை எடுத்துக் கலக்கும் முறை பரவியது. இரண்டாம் ஃபிரேமை வரைய முதல் ஃபிரேம் வேண்டும். அதுவோ பக்கத்துக் கார்டின் நினைவகத்தில். அதைக் கொண்டுவரும் நேரம் பங்கீட்டின் லாபத்தைத் தின்றது. படம் தனித்தனி ஃபிரேம்களின் வரிசையாக இருந்தவரை பங்கு போடலாம். ஒன்றையொன்று பற்றி நிற்கும் தொடராக மாறியபின் எங்கே கத்தி வைப்பது?

2015இல் வந்த டைரக்ட்எக்ஸ் 12 என்ற மென்பொருள் இடைமுகம் கார்டுகளுக்கு வேலையைப் பங்கிடும் சுமையை டிரைவர் எழுதுவோரிடமிருந்து விளையாட்டை எழுதுவோரின் தலையில் இறக்கியது. ஆஷஸ் ஆஃப் தி சிங்குலாரிட்டி என்ற விளையாட்டு ஏஎம்டி, என்விடியா கார்டுகளைக்கூட ஒன்றாக ஓட்டிக் காட்டியது. வெகு சிலரே அந்த வழியில் போனார்கள். ஜோடி வைத்திருப்போர் ஒரு சிறு கூட்டம். அவர்களுக்காக மாதக்கணக்கில் உழைக்க எந்த ஸ்டூடியோவுக்கும் காரணமில்லை.

2016இலேயே என்விடியா மூன்று, நான்கு கார்டு இணைப்பை விளையாட்டுகளில் கைவிட்டிருந்தது. அதே ஆண்டில், 1080 சார்ந்த அதே பாஸ்கல் தலைமுறையின் பி100 சில்லுகள் எட்டை என்விலிங்க் என்ற இணைப்பின் மூலம் இணைத்து டிஜிஎக்ஸ்-1 கணினியை அது விற்றது என்பதையும் கவனிக்க வேண்டும். நரம்பு வலைப் பயிற்சிக்கு, விளையாட்டில் போல ஒரு ஃபிரேமுக்கு 16 மில்லிநொடி என்ற கெடு கிடையாது. வேலையைத் துண்டு போடலாம். 2021 ஜனவரி 1 முதல் விளையாட்டுகளுக்கான புதிய எஸ்எல்ஐ டிரைவர் அமைப்புகள் நின்றன. ஆர்டிஎக்ஸ் 30 வரிசையில் இணைப்பு முனை 3090க்கும் 3090 டிஐக்கும் மட்டும் இருந்தது. 2022 அக்டோபரில் வந்த ஆர்டிஎக்ஸ் 4090இல் அந்த முனையே இல்லை. அந்த ஒற்றைக் கார்டு மூன்று ஸ்லாட் இடத்தை அடைத்துக்கொண்டது. இரண்டு 980கள் சேர்ந்து எடுத்ததைவிட 120 வாட் கூடுதலாக, 450 வாட் கேட்டது.