இசபெல்லாவும் நம்ம கேசட் பெட்டியும்

எண்பதுகளில் மலேசியத் தமிழர் கேட்ட இசையைப் பற்றி எழுதுகிறவர்கள் இளையராஜாவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கூலாயில் என் அண்ணனின் கேசட் பெட்டியில் ராஜாவுக்குப் பக்கத்திலேயே 'ஃபெனோமெனா'வும் கிடந்தது. செர்ச் குழு 1989-இல் வெளியிட்ட அந்த மலாய் ரோக் ஆல்பத்தை இந்த வாரம் முழுதாகத் திரும்பக் கேட்டேன்.

செர்ச், 1981-இல் ஜொகூர் பாருவில் உருவான குழு. பாடகர் எமி மலாய்க்காரர். ஆரம்பகாலக் கிட்டார் கலைஞர் ஹில்லரி ஆங் சீனர். ஆல்பத்தின் உச்சமான 'இசபெல்லா'வுக்கு இசையமைத்த எம். நாசிர், பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் பிறந்தவர். வரிகள் பாப் லொக்மானுடையவை. அந்தப் பாட்டு இந்தோனேசியாவையும் பிடித்துக்கொண்டது. 1990-இல் அதே பெயரில் எமி நடித்த படமும் வந்தது.

மெதுவான பாட்டுதான். கூடாமல் போன காதல். ஆனால் நாயகியின் பெயர் மலாய்ப் பெயர் இல்லை. முஸ்லிமைக் கல்யாணம் செய்ய மதம் மாறியாக வேண்டிய நாடு இது. தோட்டத்திலும் தாமானிலும் அப்படி முட்டி நின்ற காதல்களை வீட்டில் யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். பாட்டில் அழலாம், அதற்குத் தடை இல்லை.

தடை முடிக்கு வந்தது. இந்த வகை இசையை 'ரோக் கபாக்' என்பார்கள். கபாக் என்றால் கோடாரி. நீண்ட முடி அதன் அடையாளம். சிங்கப்பூர் எழுபதுகளிலேயே நீண்ட முடிக்கு எதிராகக் கிளம்பியிருந்தது. இங்கே 1992-இல், தகவல் அமைச்சர் முகமட் ரஹ்மாட் காலத்தில், நீண்ட முடிக்காரர்கள் ஆர்டிஎம்மில் தோன்ற முடியாமல் போனது. அமைச்சரும் ஜொகூர்க்காரர்தான். கடைசியில் எமி முடியை வெட்டிக்கொண்டார். நாடே பாடிய குரலையும் ஒரு கத்தரிக்கோலால் பணிய வைக்கலாம் என்று அரசு காட்டிய தருணம் அது.

இதெல்லாம் மலாய்க்காரர் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். பினாங்கின் அலிகேட்ஸை நாம் கொண்டாடுகிறோமே, அவர்களும் மலாயில்தான் பாடினார்கள். லோகநாதனும் டேவிட் ஆறுமுகமும் நம்ம பிள்ளைகள் என்பதால் அது நம் வரலாறாகிவிடுகிறது. பாடியவர் தமிழரா என்று மட்டும் பார்த்தால் கேட்டவர்கள் காணாமல் போகிறார்கள். அந்தக் காலத்து இளைஞர்கள் எதை நினைத்து ஏங்கினார்கள், எதற்குப் பயந்தார்கள் என்பதும் அவர்களோடு போய்விடுகிறது. உங்கள் வீட்டில் பழைய கேசட் பெட்டி இருந்தால் திறந்து பாருங்கள். அதில் எத்தனை மொழி இருக்கிறது என்று எண்ணுங்கள். எழுத வேண்டியது அங்கிருந்துதான்.